தூண்டில் வளைவில் ஒரு பேதுரு

அன்றைக்கு எங்கள் ஊர்த் தூண்டில் வளைவின் நுனியில் இருந்தவர்கள் மூன்று பேர். காலில் சலங்கையும் முகத்தில் கால் கிலோ பவுடருமாக நான். செல்போனைப் பிடித்தபடி என் தங்கை ஷைனி. புளூடூத் ஸ்பீக்கரில் அலைத்துளி படாமல் மடியில் வைத்து மூடிக்கொண்டிருந்த நண்பன் சுபின். இல்லாதவர்கள்: அம்மா, கருங்கல் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் நாட்டிய மிஸ், மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். அப்பா, கடலில் வள்ளத்தில் இருந்தார். நான் பரதநாட்டியம் படிப்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அவர் கடலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கல்மேட்டின் கடைசிக் கல்லில் ஏறி ஆடினேன். (இந்த இடத்தில் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை. நான் பி.காம்.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிறவர்கள். "இவன் கடலுக்குப் போகக்கூடாது" என்று என்னைக் கரையிலேயே வைத்துப் படிக்க வைத்தார் அப்பா. நானோ கல்லூரி விழாவில் ஒருவர் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்து, அன்று முதல் சோறு தண்ணீர் மறந்தேன். படிப்பு முடிந்ததும் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கருங்கலில் மிஸ்ஸின் மாடியில் போய்ச் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். அரைமண்டி என்று ஒன்று உண்டு. முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்துப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்பது. ஆட்டத்தில் பெரும்பகுதி அதிலேயே நடக்கும். "அண்ணா, முட்டு விரியல்ல!" என்று முன்பல் விழுந்த ஒருத்தி எனக்குப் பின்னால் நின்று அதட்டுவாள். விரித்தேன். விரித்த முழங்கால் மறுபடி சேராமல், வீட்டுப் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறினேன். அப்பா பார்த்துவிட்டார்.

"என்னலே நடை இது? பேங்குல வேலைக்கு இப்பிடித்தான் நடக்கணுமா?"

"கோச்சிங்ல பெஞ்சு ஒசரம் கொறவுப்பா."

ஷைனி குடித்துக்கொண்டிருந்த கஞ்சி அவள் மூக்கு வழியாக வந்தது.

இரண்டு வருடம் பொறுத்தார் அப்பா. பேங்க் என்னைக் கூப்பிடவில்லை. (பரீட்சை எழுதினால்தானே கூப்பிடும்.) கடைசியில் வளைகுடாவில் இருக்கும் பெரியப்பா மகன் வழியாக எனக்கு ஒரு விசா ஏற்பாடு செய்தார். மீன் கம்பெனி, ஐஸ் பிளான்ட், கணக்கெழுதும் வேலை. அதே மாதம் சென்னையில் ஒரு நாட்டியக் கல்லூரி பட்டயப் படிப்புக்கு ஆள் எடுத்தது. முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். சொந்தக் கற்பனையில் ஓர் அபிநயம், ஐந்து நிமிடம், நடுவில் வெட்டவோ ஒட்டவோ கூடாது. நான் ஆடிய அன்றைக்குத்தான் கடைசி நாள். கிடைத்தால் சென்னை, இல்லையென்றால் ஐஸ்.

பேதுரு கடல்மேல் நடந்து, காற்றைக் கண்டு பயந்து, மூழ்குகிற கட்டத்தை எடுத்துக்கொண்டேன். "கையும் கண்ணும் போதும், கடல் தானா வரும்" என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்குப் போதவில்லை. நிஜக் கடலையே பின்னால் வைத்தேன். மூழ்குகிறவன் தவிப்பு பார்க்கிறவர்களுக்கு எட்ட வேண்டுமே என்று, நீளமான சிவப்புத் துணி ஒன்றைத் தலைக்குமேல் சுழற்றுவதாகவும் அமைத்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலில் நிற்கும் வள்ளங்களை அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால், கரையில் ஒருவன் மேடான இடத்தில் ஏறித் துண்டைத் தலைக்குமேல் சுழற்றுவான். போன் வந்த பிறகும் இது போகவில்லை. போன் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும், வலை இழுக்கிற இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? சுழலும் துண்டுக்கு ஒரே அர்த்தம்தான்: ஊரில் சாவு, போட்டதைப் போட்டபடி வா. ஒரு புயலில் போனவர்களை இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அதனால் துண்டை வைத்து யாரும் விளையாடுவதில்லை.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று நான் பேதுரு. சுபின் கருங்கல்காரன், அவனுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை சுண்டல். ஷைனி என்னை போன் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இரண்டு வள்ளங்கள் வலைபோட்டு நின்றன. ஒன்று எங்களுடையது, மற்றது சூசை மாமாவுடையது. அங்கிருந்து பார்த்தால் நான் ஒரு புள்ளி. புள்ளி ஆடினால் யாருக்கென்ன என்று நினைத்தேன்.

மூழ்கும் கட்டம் வந்தது. உயிரைக் கொடுத்துச் சுழற்றினேன். எங்கோ என்ஜின் உறுமியது. மிருதங்கத்தோடு நன்றாகத்தான் சேர்ந்தது.

"அண்ணா, வள்ளம் வருது" என்றாள் ஷைனி.

நிறுத்தினால் வீடியோ போயிற்று. வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் அதை அபிநயம் என்று எடுத்துக்கொண்டாள். வள்ளங்கள் பாய்ந்து வருவதைக் கண்ட, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடிப்போய் மணியை அடித்தார். மணி கேட்டு ஊர் வெளியே வந்தது. ஊரிலிருந்து யாரோ கருங்கல் சந்தைக்குப் போன் போட்டார்கள்.

பாட்டு முடிந்து, இரு கைகளையும் கூப்பி நான் அண்ணாந்து நின்றபோது, கரை முழுக்கப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வள்ளத்திலிருந்து கல்லில் தாவி, வழுக்கி விழுந்து, எழுந்து வந்தார். முழங்காலில் ரத்தம். என்னைப் பார்த்தார். ஷைனியின் தலையைத் தொட்டார்.

"அம்மைய எங்க?"

"சந்தையில" என்றாள் ஷைனி.

"அம்மைக்கு என்னடீ?"

"ஒண்ணுமில்லப்பா."

"பின்ன ஆருலே செத்தது?"

உதட்டுச் சாயத்தோடு இதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

"ஆரும் சாகல்லப்பா. நான்... பேதுருவாட்டு ஆடினேன்."

பின்னால் மூச்சு வாங்க வந்த சூசை மாமா கத்தினார்: "எந்தப் பேதுருலே? காலம்பற டீக்கடையில பாத்தனே, நல்லாத்தானே இருந்தான்!"

அதற்குள் ஓர் ஆட்டோ மணலில் புதைந்து நின்றது. அம்மா இறங்கி, "எனக்க ராசாவே, என்ன விட்டுட்டுப் போயிட்டியா!" என்று அப்பாவுக்காக அழுதுகொண்டே அப்பாவைத் தாண்டி ஓடினாள். யாரோ பிடித்துத் திருப்பினார்கள். உயிரோடு நின்ற அப்பாவின் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். பிறகுதான் என் சலங்கையைப் பார்த்தாள்.

"மூதேவி! ரூமுக்குள்ள வச்சி ஆடுன்னு படிச்சுப் படிச்சுப் பறஞ்சனே, கேட்டியாலே?"

அப்பா மெதுவாகத் திரும்பினார். "ஒனக்கும் தெரியுமா?"

அவர் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்போது வள்ளத்தில் வேலை செய்யும் ஜெரோம் அண்ணன் பைய வந்து, "அண்ணே, அந்த நேர்ச்சை..." என்றார்.

"வாய மூடுலே."

விஷயம் அன்று சாயங்காலம்தான் வெளியே வந்தது. துண்டைச் சுழற்றியவனை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் மகன் முகத்தில் அவ்வளவு வெள்ளையை அவர் கண்டதில்லை. மகன் உயிரோடு இருந்தால் அவனல்லவா ஏறி நின்று கூப்பிட்டிருப்பான்? வேறு யாரோ கூப்பிடுகிறான் என்றால் போனது மகன்தான். அப்படிக் கணக்குப் போட்டு, வலையின் கயிற்றை அறுத்துவிட்டு, கரை வரும்வரை குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். வள்ளத்தில் எல்லோர் காதிலும் விழ அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறார்: "எனக்க மொவன மட்டும் உசுரோட தா. அவன் ஆசப்பட்டது எதுவானாலும் நான் குறுக்க நிக்கமாட்டேன்."

மறுநாள் பங்குச்சாமியாரிடம் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

"சாமி, நான் பேங்க மனசுல வச்சில்லா நேர்ந்தேன். ஆட்டம் இதுல சேராதுல்லா?"

"நேரும்போது ஆட்டம் தவிரன்னு பறஞ்சியா?"

"அப்ப ஆட்டம் உண்டுன்னே தெரியாதே, சாமி."

"அப்ப சேரும்."

அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டினார். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்று, "பேண்டு போட்டுத்தானே ஆடுவிய?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

இரண்டு வள்ளமும் அறுத்துவிட்டு வந்த வலைகள் திரும்பக் கிடைக்கவில்லை. நான் ஆடிய அன்று மதியமே போய்த் தேடினார்கள். மிதவைகூட இல்லை, நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. சூசை மாமாவின் வலைக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்று ஊர்க் கமிட்டி சொன்னது. நியாயம்தான். சூசை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, "மக்கா, நான் கேக்கல்ல, கமிட்டியாக்கும் கேக்குது" என்று சொல்லி, அம்மா கொடுத்த சாயாவைக் குடிக்காமல் போனார்.

வீடியோவை ஷைனி அன்றே அனுப்பியிருந்தாள். இன்னொன்று எடுக்க எனக்குத் தைரியமும் இல்லை, நேரமும் இல்லை. கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கடைசியில் பின்னாலிருந்து இரண்டு படகு உங்களை நோக்கி வருகிறதே, அதை எப்படி ஏற்பாடு செய்தீர்கள்? நிறையச் செலவாகியிருக்குமே?"

"கொஞ்சம் ஆச்சு, மேடம்" என்றேன். இடம் கிடைத்தது.

எனக்குப் பார்த்திருந்த வேலைக்கு அப்பாவை எடுக்கமாட்டார்கள். அவருக்குக் கையெழுத்தே வராது. அதே கம்பெனியில் படகு வேலைக்குப் போனார். கரையில் ஓய்வெடுக்க வேண்டிய வயதில், வேறொரு நாட்டுக் கடலில் இன்னொருவன் வலையை இழுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா, ஷைனி, சென்னையிலிருந்து நான் என மூவரும் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு ஆரும் சாகல்லியே?" அம்மா, "இதுவரைக்கும் இல்ல" என்பாள். நால்வரும் சிரிப்போம். அப்பா கொஞ்சம் இருமுவார். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பார். படகில் ஏது ஏசி என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

அந்த அம்மையாரிடம் நான் சொல்லாமல் விட்ட செலவு: வலை இரண்டு, கயிறு, மிதவை எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதற்காக அப்பா விரல் பதித்துக் கொடுத்தது மூன்று வருடம்.