தண்ணீரில் தேறிய ஹார்ட் டிஸ்க்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆவணி மாதத்தில், கரடியூர் மேல்மலைக் காப்பி விவசாயிகள் சங்கத்தின் ஒரே கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் படுத்துவிட்டது. இதனால் சங்கத்தில் எந்த வேலையும் நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லா வேலையும் முன்பே நின்றுதான் இருந்தது.

கவலைப்பட்டவள் கண்ணம்மாள் மட்டும்தான். அவள் ஒன்பது வருஷமாகத் தற்காலிக எழுத்தர். மாதக் கடைசியில் சேலத்திலிருந்து துணைப் பதிவாளர் ஆய்வுக்கு வருகிறார். அன்று கம்ப்யூட்டர் ஓடினால் அவளுக்கு நிரந்தர ஆணை, ஓடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கடிதமே வந்திருந்தது.

விதிப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கினார்கள். சேலத்துக் கடைகள் இரண்டும் எட்டாயிரம், எட்டாயிரத்து ஐந்நூறு என்றன. மூன்றாவது, செயலாளர் ராஜேந்திரன் இன்டர்நெட் சந்தையில் பிடித்தது: அறுநூறு ரூபாய். கொள்ளளவோ கடைச் சரக்கைப் போலப் பத்து மடங்கு.

செயலாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருஷம் அடித்த காற்று அப்படி. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவர்கூட 'பஜ்ஜி டாட் காம்' என்று பலகை மாட்டியிருந்தார். செயலாளரின் மச்சினன் சேலத்தில் பிரவுசிங் சென்டர் திறந்ததிலிருந்து, கடையில் போய்ப் பொருள் வாங்குகிறவர்களை அவர் காட்டுவாசிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பார்சல் வந்தது. கண்ணம்மாள் எடுத்துக் குலுக்கினாள். உள்ளே கல் உருளும் சத்தம். நகத்தால் சுரண்டினாள், மேலே ஒட்டிய லேபிள் உரிந்து, கீழே வேறு லேபிள் தெரிந்தது. நாலு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மாட்டிப் பார்த்தாள். டிஸ்க் எதுவும் காணோம் என்று திரை இங்கிலீஷில் சொல்லிவிட்டது.

"சார், இது போலிங்க. இத்தனை சல்லிசாக் கொடுக்கறப்பவே யோசிச்சிருக்கோணுமுங்க" என்றாள்.

"சல்லிசா இருக்கறது குத்தம்னு எந்த விதியிலே இருக்கு?" என்றார் செயலாளர். "அதிக விலைக்கு வாங்கினாத்தான் தணிக்கையிலே கேப்பாங்க."

"ஓடலீங்களே சார்."

"ஓடாதது டிஸ்க்கோட தப்பா, கம்ப்யூட்டரோட தப்பா, கரண்டுக்காரனோட தப்பா? விசாரிக்காம முடிவு பண்ணலாமா? சங்கத்துக்குள்ளே வர்ற எந்தச் சரக்கையும் அங்கீகரிக்கப்பட்ட முறையிலே தரம் பார்க்கோணும். அதான் விதி."

அங்கீகரிக்கப்பட்ட முறை சங்கத்தில் ஒன்றுதான் இருந்தது. காப்பிப் பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். சொத்தை மிதக்கும், நல்லது முங்கும். முப்பது வருஷமாக அதைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர் ஐயாக்கண்ணு. அவரை அழைத்து, தர நிர்ணயக் குழு ஒன்று முறைப்படி அமைக்கப்பட்டது.

ஐயாக்கண்ணு டிஸ்க்கை மோந்து பார்த்தார். காதோரம் ஆட்டினார். "பருப்பு நல்லா முத்தியிருக்குதுங்க. சத்தம் கேக்குது பாருங்க" என்று தொட்டியில் போட்டார். டிஸ்க் நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"ஏ கிரேடுங்க" என்றார்.

ஈரப்பதம் பதினொரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அடுத்த விதி. ஆகவே டிஸ்க்கைக் காப்பியோடு களத்தில் மூன்று நாள் காயப்போட்டு, மணிக்கொருதரம் புரட்டிவிடக் களத்துக் கூலியாள் அருக்காணி நியமிக்கப்பட்டாள். அவளும் குரங்கு தூக்கிப் போகாமல் கோலோடு காத்தாள். தூக்கிப் போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

சான்றிதழ் தயாரானது. கையெழுத்துப் போடவேண்டியவள் கண்ணம்மாள். அதில் 'இயங்கும் நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது.

"பொய் எழுத மாட்டேனுங்க" என்றாள்.

"யார் பொய் எழுதச் சொன்னா? தண்ணியிலே போடறதுக்கு முன்னாலே எப்படி இருந்துச்சோ அப்படியேதானே இருக்குது? 'தர ஆய்வால் எந்தப் பாதிப்பும் இல்லை'ன்னு எழுது."

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். ஒன்பது வருஷம் கண்முன் வந்து நின்றது. கண்ணம்மாள் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

துணைப் பதிவாளர் வந்தார். கம்ப்யூட்டருக்கு மூன்று அடி தள்ளி நின்றே பார்த்தார். "திரையிலே எழுத்து வருதே?" என்றார்.

"வருதுங்க" என்றாள் கண்ணம்மாள். டிஸ்க் இல்லை என்று வந்த எழுத்தும் எழுத்துதானே!

"என்ன விலை?"

"அறுநூறுங்க சார். நீரில் முங்கி ஏ கிரேடு வாங்கினது" என்றார் செயலாளர்.

அதிகாரி உருகிப் போனார். ஒரே வாரத்தில் இரண்டு ஆணைகள் வந்தன. மாவட்டத்துச் சங்கங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க் வாங்கி, கரடியூர் முறையில் சோதித்துச் சான்று பெறவேண்டும் என்பது ஒன்று. கண்ணம்மாள் இன்றுமுதல் நிரந்தரமாக, 'மின்னணு உதிரிபாகத் தர ஆய்வாளர்' என்பது இன்னொன்று. சாயங்காலம் அவள் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

சாக்கு சாக்காக டிஸ்க்குகள் மலையேறின. எல்லாம் அறுநூறு ரூபாய்ச் சரக்கு, எல்லாம் முங்கின. கண்ணம்மாள் முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் குப்பனூர்ச் சங்கத்திலிருந்து ராசாத்தி என்ற பெண் வந்தாள். தற்காலிக எழுத்தர். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, இரண்டு பஸ் மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இது சேலத்துக் கடையிலே எட்டாயிரத்துக்கு வாங்கினதுங்க. செயலாளர் கால்லே உழாத குறையாக் கெஞ்சி வாங்க வெச்சேன். நல்லா ஓடுதுங்க. தண்ணியிலே போட்டீங்கன்னா செத்துப்போயிரும். கரண்டிலே மாட்டிப் பாருங்கக்கா, புண்ணியமாப் போகும்."

கண்ணம்மாள் கையில் வாங்கினாள். குலுக்கினாள், சத்தமில்லை. லேபிளைச் சுரண்டினாள், உரியவில்லை. திருகாணி நாலும் இருந்தன. அசல் என்று கைக்கே தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒன்றைப் பார்த்து என்று நெஞ்சு ஒரு கணம் இளகியது.

ஆனால் இதைக் கரண்டில் பார்த்தால், மற்றதையும் கரண்டில் பார்க்கச் சொல்வார்கள். இருநூற்றுப் பதினான்கு சான்றிதழில் அவள் கையெழுத்து இருந்தது.

டிஸ்க்கைத் தொட்டியில் விட்டாள். நாலு குமிழி விட்டு அது அடியில் போய் உட்கார்ந்தது. ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி அழுகறே? பாஸாயிருச்சு" என்றாள் கண்ணம்மாள், முத்திரையை மையில் ஒற்றியபடி. "மூணு நாள் வெய்யில்லே காயட்டும். அப்பறம் உன்னுதுக்கும் எங்குளுதுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது."