மச்சத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

குளிக்கப் போன புரூஃப் ரீடர் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தார். பிறந்ததிலிருந்து இடது கையில் சிவனே என்று கிடந்த மச்சத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அரித்தது. சொறிந்தால் செதில் செதிலாக உதிர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதற்கு இவ்வளவு வியர்த்திருக்காது. பத்தொன்பது வருஷமாக அச்சகத்தில் ஊரார் எழுத்துக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டவர் அவர். அந்த அச்சகத்தில் வட்டத்துக்கு ஒரே அர்த்தம்: இதை எடுத்துவிடு. இப்போது யாரோ அவருக்கே வட்டம் போட்டிருக்கிறார்கள்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி நாடாவோடு வந்தாள். முக்கால் அங்குலம் என்று அளந்து சொல்லிவிட்டு, பூச்சி கடித்திருக்கும் என்றாள்.

அவர் தலைவலித் தைலத்தைப் பூசினார். மறுநாள் ஒன்றேகால் அங்குலம். அதை மறைக்கப் பெரிய பிளாஸ்திரியாக வாங்கி ஒட்டினார். அதற்கும் மறுநாள் பிய்த்துப் பார்த்தால், வட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்திரி அளவுக்கு ஒரு சிவப்புச் சதுரம்.

"வட்டம் போதாதுன்னு கட்டம் வேற கட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

கட்டம் கட்டி எதைப் போடுவார்கள் என்று புரூஃப் ரீடருக்குத் தெரியாதா? இரங்கல் செய்தி.

அன்று பதினோரு மணிக்குத் தோல் டாக்டரிடம் மனைவி நேரம் வாங்கியிருந்தாள். ஆனால் ஒன்பது மணிக்கே அவர் அச்சகத்தில் இருந்தார், பையில் ராஜினாமா லெட்டரோடு. பத்தொன்பது வருஷம் மென்று விழுங்கியதையெல்லாம் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சாக அவருக்கு விருப்பமில்லை.

எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மேனேஜர், வழக்கம்போல ஒரு காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார். முதலாளியின் பதினோராவது கவிதைத் தொகுப்பு. சாயங்காலத்துக்குள் தப்பில்லாமல் வேண்டும் என்றார்.

"தப்பு எழுத்துல இல்ல சார், கவிதையிலதான் இருக்கு. பத்து புக்கா சொல்லணும்னு இருந்தேன்."

மேனேஜரின் வாய் பிளந்தது. புரூஃப் ரீடர் லெட்டரை மேசையில் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

"மச்சத்தைச் சுத்தி வட்டம் விழுந்துடுச்சு. வட்டம் விழுந்தா என்ன அர்த்தம்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

மேனேஜர் கோபப்படவில்லை. முகம் வெளிறியது. கை மெல்லக் காலர் பக்கம் போனது. ஆளை வாயடைக்க வைத்துவிட்டோம் என்ற பூரிப்பில், புரூஃப் ரீடர் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

டாக்டரம்மா லென்ஸ் வைத்து இரண்டே நிமிஷம் பார்த்தார்.

"மச்சம் நல்லாத்தான் இருக்கு. அதைச் சுத்தி எக்ஸிமா, கரப்பான்னு சொல்லுவாங்களே, அது. சில பேருக்கு மச்சம், மரு இதையெல்லாம் சுத்தி இப்படி வரும். ரெண்டு வாரம் களிம்பு போடுங்க. சிவப்பு அடங்கினதும் மச்சத்தை இன்னொரு தரம் பார்த்துடுவோம்."

"இந்தச் சதுரம்?"

"அது பிளாஸ்திரி ஒத்துக்காம நீங்களா வரவழைச்சது."

"டாக்டர், நான் வேலையை விட்டுட்டேன்."

"அதுக்குக் களிம்பு கிடையாதுங்க."

சாகப் போவதில்லை என்ற சந்தோஷம் படிக்கட்டு இறங்கும்வரைதான் தாங்கியது. அப்புறம் ஓட்டம். லெட்டர் முதலாளி கைக்குப் போவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். மேனேஜர் காலில் விழுந்தாலும் பரவாயில்லை. பதினொன்று என்ன, இருபத்திரண்டு தொகுப்பு வந்தாலும் படிக்கலாம். மூச்சு வாங்க அச்சக வாசலுக்கு வந்து, மேனேஜர் உள்ளேதானே இருக்கிறார், தன் லெட்டரைத் திருப்பி வாங்க வேண்டும் என்று வாட்ச்மேனிடம் கெஞ்சினார்.

வாட்ச்மேன் அவர் கையிலிருந்த களிம்பையும் சிவப்பு வட்டத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"அது இப்ப உங்க லெட்டரே இல்ல சார், நீங்க போனதும் மேனேஜர் கண்ணாடி முன்னால காலரை அவுத்துப் பார்த்தாரு, கழுத்து மருவைச் சுத்தி இதே மாதிரி வட்டம், உடனே உங்க லெட்டர்ல உங்க பேரை அடிச்சுட்டுத் தன் பேரை எழுதி, முதலாளிகிட்ட குடுத்து, கவிதையைப் பத்தி நீங்க சொன்னதையும் தானே சொல்ற மாதிரி ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."