தாலிக்குப் பின்னால் ஓடிய மேளம்

“அண்ணே, தாலி கட்டி முடிச்சிட்டேன். மேளம் இன்னும் வரல!”

டிவிடியும் கையுமாக மூச்சிரைக்க நின்றான் அரவிந்தன். மரக்காணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாலகுரு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரவிந்தன் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் பாண்டிச்சேரிக்காரர். பென்டிரைவில் இருந்ததை டிவிடியாக மாற்றித் தருவது மட்டும்தான் பாலகுருவின் வேலை.

இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் கேட்டது அரவிந்தனின் அம்மா கொளஞ்சியம்மாள். உப்பள வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, பெற்ற மகன் கல்யாணத்தையே பார்க்க முடியாமல் கட்டிலில் கிடந்தவள், பாவம். அவள் வீட்டில் இருந்ததோ பழைய டிவியும் டிவிடி பிளேயரும்தான்.

“கெட்டிமேளம் கேட்டதும் போடலாம்னு அம்மா அட்சதைய கையில வெச்சிக்கினு ஒக்காந்திருந்துச்சுண்ணே. நான் தாலியக் கட்டி, குங்குமமும் வெச்சிட்டேன். அப்புறம்தான் டமடமன்னு வருது. அபசகுனமா இருக்குதுடான்னு ஒரே அழுவ.”

“ஏம்பா, மண்டபத்துல மேளம் சரியாத்தானே வந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? நான் தாலி முடிச்சையே பாத்துக்கினு இருந்தேன்.”

பாலகுரு பெஞ்சுப் பக்கம் திரும்பினான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவன் மாமனார் தட்சணாமூர்த்தி. அந்தக் கல்யாணத்துக்குத் தவில் வாசித்தவரே அவர்தான்.

“மெஷின் கோளாறா இருக்கும் மாப்ளே,” என்றார் அவர், டீ கிளாஸைப் பார்த்தபடி.

“அதானே! நீங்க வாசிச்சு நேரம் தப்புமா மாமா?”

சத்தத்தை மொத்தமாக முன்னால் இழுத்தான் பாலகுரு. மேளம் தாலியோடு சேர்ந்துகொண்டது. ஆனால் ஐயர் வாயை மூடிக்கொண்டே மந்திரம் சொன்னார். கல்யாணப் பெண் வாயைத் திறந்தால் அவள் தாய்மாமன் குரல் வந்தது.

“அட கடவுளே!” என்று படத்தின் வேகத்தைக் கூட்டினான். பந்தியில் இருந்தவர்கள் மழைக்குப் பயந்தவர்கள் மாதிரி அள்ளி அள்ளி விழுங்கினார்கள். வேகத்தைக் குறைத்தான். படம் நீண்டுபோய் ஒரு டிவிடிக்குள் அடங்க மாட்டேன் என்றது. அமுக்கி அடக்கினான். முகமெல்லாம் உப்புப் பாத்தி மாதிரி கட்டம் கட்டமாகிவிட்டது.

“அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?”

“டேய், நானே நொந்து போயிருக்கேன். சும்மா இரு.”

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மாற்றினான். கெட்டிமேளத்தை மட்டும் தனியாக வெட்டி, தாலி ஏறும் இடத்தில் ஒட்டினான். என்ன ஆச்சரியம்! மற்ற சத்தமெல்லாம் தானாகவே பொருந்தி நின்றது. படமும் பளிச்சென்று இருந்தது.

“மாமா, மெஷின ஜெயிச்சிட்டேன்!”

மாமனார் காலி டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். டிவிடியைக் கொடுக்கக் கிளம்பியபோது, தானும் வருவதாகச் சொல்லி பைக்கில் ஏறிக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் வீட்டு டிவியில் தாலி ஏறியது. அதே நொடியில் கெட்டிமேளம் முழங்கியது. அவள் கட்டிலில் இருந்தபடியே அட்சதையை வாரி டிவி மேல் இறைத்தாள்.

“நல்லா இருங்க என் கண்ணுங்களா! மேளம்னா இது மேளம்! யாருப்பா வாசிச்சது?”

“எங்க மாமாதாங்க!” பாலகுரு பெருமையோடு திரும்பிப் பார்த்தான்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தட்சணாமூர்த்தி அவன் காதருகே குனிந்தார்.

“என் மானத்தக் காப்பாத்திட்டீங்க மாப்ளே. அன்னிக்கி நான் தவில் மேலயே சாஞ்சு தூங்கிட்டேன். தாலி ஏறினப்புறம்தான் நாயனக்காரரு கிள்ளி எழுப்புனாரு.”