கண்டலைத் தின்ற குர்பான் கிடாய்

அன்புள்ள ஸகியா சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான், பெருநாளுக்கு அறுத்துக் கொடுக்க வாங்கிய குர்பான் கிடாய் ஆகிய நால்வரும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். நீங்கள் வளர்க்கத் தந்த கண்டல் மரக்கன்றுகள் மட்டும் சுகமில்லை. உண்மையில் அவை இல்லவே இல்லை.

போனில் சொன்னால் உம்மாவுக்குக் கேட்கும். அதனால் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் கரையோர நிலக் காப்பு மன்றத்தின் லொறி வரும்போது, சாரதி ஜுனைட் நானாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் திருக்கோவில் ஊருக்கு வேலைக்குப் போகும்போது, "இது ஊருட அமானிதம், அம்ஹா. தோணாக் கரையில நடுறவரைக்கும் ஒன்ட பொறுப்பு" என்று சொல்லித்தானே தந்தீர்கள். குப்பை நாறிக் கிடந்த தோணா ஓடையை உங்கள் மன்றத்தோடு சேர்ந்து ஊரே இறங்கிச் சுத்தம் செய்ததும், "கண்டல் வெச்சா நுளம்புதான் வந்து கடிக்கும்" என்று சண்டை பிடித்த வாப்பாவே பிறகு "கண்டல் வந்தா இறாலும் வரும்" என்று மீன் சந்தையில் பிரசங்கம் செய்ததும் எனக்குத் தெரியும், ஆகவே உப்புத்தண்ணீர் ஊற்றி ஒழுங்காகத்தான் வளர்த்தேன், இடையில் வாப்பா கிடாயை வாங்கி வந்து முருங்கையில் கட்டினார், கட்டினது இற்றுப்போன வலைக்கயிறு, நான் அஸர் தொழுது சலாம் கொடுத்துத் திரும்பினால் கிடாய் கடைசிக் கன்றை மென்றுகொண்டு என்னையே பார்க்கிறது. அடிக்கக் கம்பெடுத்தேன். "குர்பானுக்கு வெச்ச உசிர் புள்ள, அதுல கை வெக்கப்படாது" என்று வாப்பா காலையில்தான் சொல்லியிருந்தார். கம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். கிடாய் வந்து கம்பையும் மோந்து பார்த்தது.

கன்றில்லாத வெறும் நாற்றுப் பைகளைக் கண்டால் கேள்வி வருமே என்று ஒவ்வொரு பையிலும் ஒரு முருங்கைக் குச்சியைக் குத்திவைத்தேன். மறுநாள் உம்மா பார்த்துவிட்டு, "கண்டல் நல்லா நிக்குது" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து விடியவே எழுந்து கிடாயின் புழுக்கையைப் பொறுக்கிச் சாக்கில் சேர்க்கிறார். கிடாய் கன்றைத் தின்றதற்குச் சாட்சி சேர்க்கிறார் என்று நினைத்து, நான் கேட்காமலே முற்றம் கூட்டுகிறேன், சட்டி கழுவுகிறேன், கோழிக்கூட்டைக்கூடக் கழுவினேன்.

என் கூட்டாளி ஸம்றாவிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அமானிதத்தத் திண்ட கிடாய் புள்ள. அத அறுத்துப் பங்கு வெச்சா, பங்கு வாங்கின வீடெல்லாம் ஒன்ட கணக்கு. மறுமையில வரிசையா வருவாங்க."

"எத்தின வீடு வரும்?"

"ஒங்கட வாப்பாக்குச் சொந்தக்காரர் என்ன கொஞ்சமா?"

ஆகவே சாச்சி, பெருநாளுக்கு முன்னர் மன்றத்தின் சார்பில் கிடாய் தின்றதை ஹலாலாக்கித் தாருங்கள். மனம் பொருந்தி மன்னித்தேன் என்று ஒரு சொல் போதும். கிடாய் அறியாமல் செய்தது. நீங்கள் பொருந்தாவிட்டால், வாப்பா வருசம் முழுக்கக் கடலுக்குப் போய்ச் சேர்த்துக் கொடுக்கும் குர்பான் என்னால் கூடாமல் போய்விடும்.

உங்களுக்கும் திருக்கோவில் கண்டல்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்தப் பக்கம் ஆடுகள் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயந்துபோன மகள்
அம்ஹா

பி.கு.: தண்ணீர் குடிக்க எழுந்த உம்மா, போர்வைக்குள் வெளிச்சத்தைக் கண்டு கடிதத்தைப் பறித்து முழுக்க வாசித்துவிட்டார். கிடாய் தின்ற அன்றே அவருக்குத் தெரியுமாம். அன்றே உங்களுக்குப் போன் எடுத்து ஹலாலும் வாங்கிவிட்டாராம். "கிடாய்ட புழுக்கையெல்லாம் நாத்து மேடைக்கு உரமாத் தரவேணும் எண்டு சொல்லித்தான் ஒன்ட சாச்சி பொருந்தினா" என்கிறார். சாக்கின் கதை அதுதான்.

"அப்ப ஏனும்மா எனக்குச் சொல்லல்ல?"

"இந்த முற்றத்த இவ்வளவு சுத்தமா நான் கண்டதே இல்ல புள்ள. பெருநாள்வரைக்கும் இப்படியே போகட்டும் எண்டு இருந்தன்."

ஆகவே மேலே எழுதியதெல்லாம் வேண்டாம். கிடாயின் கணக்குத் தீர்ந்துவிட்டது, என்னுடையதுதான் மிச்சம். எங்கள் முருங்கையில் கிடாய் கட்டியிருந்ததால், குச்சிகளை உங்கள் வளவு முருங்கையில்தான் முறித்தேன். மரத்தில் இப்போது ஒரு கொப்பும் இல்லை. ஆனால் குச்சிகள் எல்லாம் துளிர்த்துவிட்டன. நாளைக்கு லொறி சாக்கை ஏற்றத்தான் வருகிறதாம். நீங்கள் ஹலாலாக்கினால், உங்கள் மரத்தையும் பைபையாக அதிலேயே அனுப்பிவிடுகிறேன்.