நான் மறந்துபோன அம்பு

பள்ளிக்கூடத்துப் பாடத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பதைவிட முழுசாக மறந்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது. (நான் அரைகுறை.)

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிளாக்கர். மகளுக்கு அப்போது நாலு மாதம். ஐப்பசி முழுக்க மழை. பிள்ளைத் துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டினால் புகை ஏறியது. அந்தத் துணியைச் சுற்றினால் பிள்ளை இருமினாள். ஒவ்வோர் இருமலுக்கும் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அதற்கும் இருமினாள்.

அப்போதுதான் டீச்சர் கரும்பலகையில் வரைந்த மலை நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில். எங்கள் மலைக்கு மறுபக்கம், பல்லேகமவில், என் நாத்தனார் இருந்தாள். ஆடியில் வந்தபோது அவளே சொன்னாள்: "எங்க பக்கம் துணி அரை நாள்ல காஞ்சிரும் அண்ணி."

அங்கே போக, கணவருக்கு லீவு கிடைத்தது மார்கழியில்.

"இங்கயே மழை கொறஞ்சிருச்சே புள்ள?"

"நான் படிச்சிருக்கேங்க. கெளம்புங்க."

"படிச்சவ சொல்றா, போப்பா" என்றார் மாமியார். அந்தக் குத்தல் எனக்கு மலையுச்சியில்தான் உறைத்தது.

பிள்ளைத் துணி அத்தனையையும் துவைத்து, ஈரத்தோடு மூட்டை கட்டினேன். அங்கேதான் அரை நாளில் காயுமே! வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து அவர்தான் தலையில் சுமந்தார். கழுத்து வழியே தண்ணீர் வடிந்தது.

உச்சியில் காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்தது. பின்னாலேயே மழை. குடை மேல்நோக்கி விரிந்து உடைந்தது.

நாத்தனார் வாசலில் மூட்டையைப் பார்த்தாள். "ஆத்துல விழுந்துட்டீங்களா அண்ணி?"

"காயப்போட வந்தோம்."

"மார்கழியிலயா! ஆடியில காத்து ஒங்க பக்கமிருந்து வரும். மழைய அங்கயே கொட்டிட்டு இங்க வெறுங்கையா வரும். இப்ப காத்து எங்க பக்கமிருந்துல்ல வருது!"

டீச்சர் மலைக்குப் பக்கத்தில் ஓர் அம்பும் போட்டிருந்தார். காற்று வரும் திசை. அதை நான் அழகுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிள்ளை நடுங்கினாள். சுற்ற ஒரு காய்ந்த துணி இல்லை. நாத்தனார் பெட்டியைத் திறந்து, பொங்கலுக்கு வைத்திருந்த புது வேட்டியை எடுத்து டர்ரென்று கிழித்தாள்.

"ஏய், அது என் வேட்டி!" என்றார் அவள் கணவர்.

பிள்ளை அதில் சுருண்டு தூங்கினாள். இருமவில்லை. நான்தான் தூங்கவில்லை.

மழை விட்டு ஊர் திரும்பியபோது மாமியார் முற்றமெல்லாம் கம்பளி, தலையணை, பாய் என்று காயப்போட்டிருந்தார். "நீங்க போனதுலேருந்து நல்ல வெயிலும்மா" என்றார், சிரிக்காமல்.

இப்போதும் நான் துணிக்கூடையைத் தூக்கினால், "அம்பு எந்தப் பக்கம்?" என்கிறார் கணவர். மகள் 'அம்மா'வுக்கு அடுத்துக் கற்ற சொல்லே 'அம்பு'தான். நான் கொடிக்குப் போகுமுன் விரலை நனைத்துக் காற்றில் நீட்டிப் பார்க்கிறேன். அதையும் ஜன்னல் வழியே பார்த்துச் சிரிக்கிறார்கள்.