உன் வால்வுப் பெட்டியை எடுத்துப் போவது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்பதில் எனக்கு ஐயமில்லை. உன் கிட்டார் ஆம்ப் என் வீட்டில் அல்லவா இருக்கிறது.

"பதினஞ்சே நாள் வெச்சிரு அக்கா, வீடு கெடைச்சதும் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்கு வீடு கிடைத்து, அது பிடிக்காமல் போய், இரண்டாவது வீடும் கிடைத்தாயிற்று. எட்டு மாதமாகிறது. முதல் ஏழு மாதம் அதன் மேல் துணியைப் போட்டு, தேர்வுத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். மேசையாக அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. போன மாதம் உன் அத்தான் துணியை விலக்கிப் பார்த்தார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை மூடி, வரைபட மேசையை விற்றுவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து "சரி", "பரவாயில்ல" என்ற இரண்டு சொற்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த மனிதர், கல்லூரிக் காலத்துக் கிட்டாரை எடுத்து அதில் சொருகினார். எனக்கும் மகிழ்ச்சிதான், முதல் ஐந்து நிமிடம்.

பிறகுதான் உன் பெட்டியின் குணம் தெரிந்தது. சத்தக் குமிழை இரண்டில் வைத்தால் அது சாதுவாக, பள்ளிக்கூட வாழ்த்துப் பாட்டுப் போல ஒலிக்கிறது. உன் அத்தானுக்கு வேண்டியது அதுவல்ல, உறுமல். பழைய ரேடியோவில் இருப்பது போல உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் திணறினால்தான் உறுமல் வருமாம், சத்தத்தை ஏழுக்கு ஏற்றினால்தான் அவை திணறுமாம். ஏழில் எங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் தாமாக நகர்ந்து ஒன்றோடொன்று பேசுகின்றன. கீழ்வீட்டில் இருப்பது யார் என்று உனக்கு நினைவிருக்கும்: வீட்டுச் சொந்தக்காரம்மா, முப்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து டாக்டர்களையே வாயடைக்க வைத்தவர். முதல் நாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். இரண்டாம் நாள் தட்டாமல் மேலேயே வந்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆராய்ச்சி நடக்கிறது: சத்தமில்லாமல் உறுமுவது எப்படி? முதலில் பெட்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சுவர் உறுமியது. பிறகு போர்வையால் போர்த்தினார். வால்வுகள் அடுப்புப் போலச் சுடும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இப்போது அந்தப் போர்வையில் பழுப்பாக நான்கு வட்டங்கள். அதன்பின் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி, சுவர் அலமாரிக்குள் என் கம்பளி உடைகளுக்கு நடுவில் புதைத்து, கதவைச் சாத்தி, ஏழில் வாசித்தார். எங்கள் அறையில் உண்மையாகவே அமைதி. "பாத்தியா!" என்று குழந்தை போலச் சிரித்தார். அவர் மறந்தது ஒன்றே ஒன்று: அந்த அலமாரியின் அடித்தட்டு வெறும் பலகை, அதற்கு நேர் கீழே கீழ்வீட்டு அலமாரி. வாசல் மணி அடித்தது.

"புரொபசரம்மா, எங்க வீட்டு அலமாரி பாடுது" என்றார் சொந்தக்காரம்மா, நோயாளியின் காய்ச்சலைச் சொல்லும் குரலில். "ஒண்ணாந்தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி போகணும். இல்லேன்னா நீங்க போங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு இரண்டும் ஒன்றல்ல. பதினோரு வருடமாக இருக்கும் வீடு. வேலைக்குப் பத்து நிமிட நடை. நான் தாள் திருத்தும் ஜன்னலோரம் போல இன்னொன்று எனக்குக் கிடைக்காது.

ஆகவே பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். அவர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்ட ஒரு தகரப் பெட்டி செய்து தந்தார். வால்வுகள் தம் பாட்டுக்குத் திணறும், வருகிற சக்தியில் பெரும்பகுதியைத் தகரம் வாங்கிச் சூடாக மாற்றிக்கொள்ளும், மிச்சம் நாம் பேசுகிற அளவுக்குத்தான் வெளியே வரும். உறுமல் இருக்கிறது, இரைச்சல் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நீயும் நினைப்பாய்? உன் அத்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சத்தம் வருது, உசிர் வரல" என்றார். தினமும் மாலையில் தகரத்தின் குமிழைக் கொஞ்சூண்டு கொஞ்சூண்டாக ஏற்றி, கீழிருந்து துடைப்பம் தட்டியதும் நிறுத்துகிறார். நாள்தோறும் துடைப்பம் முந்திக்கொண்டே வருகிறது.

நான் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவள். உசிரை எனக்கு அளக்கத் தெரியும். மெக்கானிக்கிடம் வால்வே இல்லாத சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று இருந்தது, ஒரு கையால் தூக்கலாம், ஹெட்போனும் மாட்டலாம். நேற்று உன் அத்தானைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். கொஞ்சம் கிட்டார் தெரிந்த மெக்கானிக் ஒரே நாலு வரியை, ஒரே அளவுச் சத்தத்தில், நான் சுண்டும் நாணயம் சொன்ன வரிசைப்படி ஒரு முறை தகரம் மாட்டிய உன் பெட்டியிலும் ஒரு முறை சின்னதிலும் வாசித்தார்; இருபது தடவை. எது எது என்று உன் அத்தான் சொல்ல வேண்டும். இருபதில் ஒன்பது சரி. நாணயத்தையே கேட்டிருந்தால் பத்து சொல்லியிருக்கும்.

"உங்க உசிர் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா?" என்றேன்.

"பரவாயில்ல" என்றார். மறுபடி அந்தச் சொல். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முடிவு முடிவுதான். வித்தியாசம் கிடையாது. சின்னது இருக்கட்டும், நீ சனிக்கிழமைக்குள் வந்து உன்னுடையதை எடுத்துப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வரும்போது தூக்க இன்னொருவரையும் அழைத்து வா. பெட்டியின் எடையும் உனக்குத் தெரியும், உன் அத்தானின் இடுப்பும் உனக்குத் தெரியும்.

உன்மேல் கோபமில்லை என்று பெட்டி போன பிறகு எழுதப்போகும்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மெக்கானிக் தன் சாமான்களை எடுக்க வந்தார். "அவரு மட்டும் பரீட்சை எழுதினா போதுமாம்மா? நீங்களும் உக்காருங்க" என்றார். முறைப்படி அது நியாயமாகப்பட்டதால் உட்கார்ந்தேன். இருபதுக்கு இருபது. தற்செயலாக இது நடக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு, ஆகவே தற்செயல் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வழியில்லை. உன் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சரிபார்ப்பதற்காக மட்டும் தகரத்தைக் கழற்றி, ஏழில் ஒரு முறை கேட்டேன். அது வேறு விஷயம்.

உடனே கீழே போய்ப் பேசிவிட்டு வந்தேன். சொந்தக்காரம்மா செவ்வாய், வியாழன், சனி நாலு மணிக்கு நீச்சலுக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்புகிறார். அந்த நேரத்தில் மட்டும் ஏழு, மற்ற நேரமெல்லாம் தகரம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். "வாசிக்கறது அவரா, நீங்களா?" என்று கேட்டார், பேனாவை மூடிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று.

நீ வர வேண்டாம். அந்த மூன்று நாளும் நாலு மணிக்கு மேல் போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.