ஜெபகனி வாய் திறந்த படலம்

வாழ்க, கரண்டி ஏந்திய கரத்தான்! நாகர்கோவிலில் வேதியியல் கற்றும் கூழை அடிப்பிடிக்காமல் கிண்டும் வித்தை கைவராத அருந்திறல் அண்ணல். மனைவி ஜெஸ்லினை மண்ணுக்குக் கொடுத்து மூன்று மாதமாய்ச் சொல் வற்றிய தனியன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு எவர்சில்வர்க் கிண்ணத்தோடு சமையலறைக் களம் புகுந்த ஜாஸ்பர் வாழ்க!

எதிரே பிளாஸ்டிக் நாற்காலித் தேரில், ஆறு பல் படைத்த ஒன்றேகால் வயதுப் பேரரசி ஜெபகனி, அவன் மகள், இதழ்க்கோட்டையை அடைத்து வீற்றிருந்தாள். நடுவர் அவனுடைய அக்கா பெபிஷா. சமையலறைப் பக்கமே அவன் வராதிருந்த மூன்று மாதமும் பிள்ளைக்கு ஊட்டியவள். இன்று களியக்காவிளைக்குத் தன் வீடு திரும்புகிறவள். அவள் முழங்கினாள்:

"ஏலே, இந்தக் கிண்ணம் காலியானா பிள்ள ஒனக்க கூட. இல்லேன்னா மூணரை பஸ்ஸுல எனக்க கூட. பட்டினி போட முடியாது, கேட்டியா?"

ஏத்தங்காய் எனும் நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டிய கூழ் மணத்தது. முதற்கரண்டி பாய்ந்தது, பேரரசி வடக்கே திரும்பினாள். இரண்டாவது வடக்கே சென்றது. திருமுகம் குமரிமுனை நோக்கியது. "பாம் பாம்! பஸ் வருது, கேட்டத் தொற மக்கா!" என மூன்று மாதத்தில் தான் பேசிய மிக நீண்ட வாக்கியத்தைப் போர்ச்சங்காய் ஊதி அவன் மூன்றாம் கரண்டியை ஏவ, பிஞ்சுக்கை மின்னலெனச் சுழல, கூழ் ஆர்த்தெழுந்து, மூக்குக்கண்ணாடியில் இறங்கி, புருவக்காடு கடந்து, மூக்கு நுனியில் கொடி நட்டது.

"ஒனக்க மூக்கு தின்னாச்சு," என்றாள் பெபிஷா. "பிள்ளைக்க வாயி எப்பம்?"

மணி மூன்று. பிள்ளையின் கவுன்கள் பைக்குள் போயின. ஜாஸ்பர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பெபிஷா முக்காடிட்டு, கண்மூடி, வழிப்பயணத்துக்காக ஜெபித்து, "ஆமென்" என்றாள்.

அக்கணமே, தாழ் விலக, ஆறு வெண்பற் காவலரும் அணிவகுக்க, அகலத் திறந்தது கோட்டை!

ஜாஸ்பர் கண்டான். ஜெஸ்லின் ஜெபித்து ஆமென் சொன்ன பிறகே முதல் வாய் ஊட்டுவாள், அக்காவும் அப்படியே. பிள்ளைக்குச் சோற்றின் பெயரே ஆமென். அவனோ ஜெஸ்லினைப் புதைத்த அடக்க ஆராதனைக்குப் பின் அச்சொல்லைத் தொட்டதில்லை.

கோட்டை மறுபடி அடைபட்டது. கூழ் வழியும் கண்ணாடியோடு கரண்டியை உயர்த்தினான்.

"ஆமென்," என்றான்.

திறந்தது. கரண்டி புகுந்தது.

"ஆமென்!" புகுந்தது. "ஆமென்! ஆமென்!" என முரசம் அதிர, அடுத்த வீட்டு யூஜின் மதிலுக்கு மேல் தலை நீட்டினான்: "அண்ணே, வீட்டுல ஜெபக் கன்வென்சன் கூட்டமா?"

இருபத்தாறு ஆமென் கணைகளால் கிண்ணத்தின் அடி கண்டு, சிரித்தும் அழுதும் அக்கா பையிலிருந்து கவுன்களை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து அடுக்க, கருப்பட்டி நாறும் மேனியனாய், முக்கடலும் ஆர்ப்பரிக்க வென்று நின்றான் வீரன்.

பிறகு பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டான்.